ஒருசந்தி நாளிலும் சோற்றோடு சமாதானம்

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வரும்போது மனத்துக்குள் இரண்டு கணக்குகள் ஒன்றாக ஓடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். ஆண்டவருக்காக எதை விடலாம் என்பது ஒன்று. பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் எத்தனை கிலோ குறையும் என்பது மற்றது. நான் பல ஆண்டுகள் இந்த இரண்டாவது கணக்கை முதலாவதன் பேரில் எழுதி வந்தேன். பகல் முழுவதும் கடுங்காப்பியிலேயே ஓட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்குச் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடி, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துத் தின்று, அதன்மேல் ஒரு பொட்டலம் பிஸ்கட்டையும் முடித்துவிட்டு, மறுநாள் அதற்குப் பரிகாரமாக இன்னும் கடுமையான ஒருசந்தி, அதாவது நோன்பு, பிடிப்பேன். இதைப் படிக்கையில் தன் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வருகிறவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

திருச்சபை உண்மையில் கேட்பது எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாம் நினைத்துக்கொண்டிருப்பதை விட அது மிகவும் குறைவு. கத்தோலிக்கருக்கு ஒருசந்தி கட்டாயமான நாட்கள் ஆண்டில் இரண்டுதான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரைதான். இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966ஆம் ஆண்டு வகுத்த ஒழுங்கின்படி, ஒருசந்தி என்பது வயிறார ஒரு வேளைச் சாப்பாடு. அது போகக் காலையிலும் மாலையிலும் சிறிது உண்ணத் தடை இல்லை. திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாட்கள் இருந்தும் நாம் தவக்காலத்தை 40 நாள் என்று எண்ணுவதற்குக் காரணம், இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைத் தவ நாட்களாகக் கொள்ளாததுதான். ஆகவே நாற்பது நாளும் காலைப் பலகாரத்தைத் தள்ளுகிறவர் திருச்சபை கேட்காத ஒன்றைச் செய்கிறார். அதை யார் கேட்டது என்று அவர் நிதானமாக யோசிக்க வேண்டும்.

இரவில் விழுந்தடித்து உண்பது மனவலிமை இல்லாததால் வருவது என்று நம்பி நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். உடல் வேலை செய்யும் விதம் வேறு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944 முதல் 1945 வரை 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். அமைதியைப் போதிக்கும் கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள் பலர். கட்டுப்பாட்டில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தபின், அவர்களுடைய பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆயின. சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கியவர்களும் உண்டு. கட்டுப்பாடு நீங்கியபோது எவ்வளவு தின்றும் பசி அடங்காமல் பலர் தவித்தார்கள். பகலில் பட்டினி போட்ட உடல் இரவில் வட்டியோடு வசூலிக்கிறது. அதில் பாவத்தைத் தேட வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியவை. எதையாவது விடுவதாகத் தீர்மானிக்கும் முன் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிப் பாருங்கள்: இந்த நாற்பது நாளில் என் எடை ஒரு கிராம்கூடக் குறையாது என்று உறுதியாகத் தெரிந்தாலும் இந்தத் தவத்தை ஏற்பேனா? பதில் வரத் தாமதித்தால் அந்தத் தவம் உங்களுக்கு உரியது அன்று. அன்றைக்கே எடை பார்க்கும் இயந்திரத்தைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுங்கள். எனக்கு இனிப்பை விட்டதைக் காட்டிலும் இதுதான் கடினமாக இருந்தது. முதல் வாரம் இரண்டு முறை நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கியிருக்கிறேன்.

அடுத்து, அளவைப் பசிக்கும்போது முடிவு செய்யாதீர்கள். இந்த அறிவுரை இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருடையது. 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து தம் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டவர் அவர். பிற்காலத்தில், 1548இல், ஸ்பெயின் பிரபுவான பிரான்சிஸ் போர்ஜியாவுக்குக் கடிதம் எழுதி, நோன்பைக் குறைத்து வயிற்றைப் பலப்படுத்திக்கொள்ளச் சொன்னவரும் அவரே. அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலில் உணவு பற்றிய விதிகள் தனியாகவே உண்டு. சாப்பிட்டு முடித்து, பசி இல்லாமல் இருக்கும் நேரத்தில் அடுத்த வேளைக்கான அளவைத் தீர்மானித்துக்கொள் என்பது அவற்றில் ஒன்று. அளவுக்கு மேல் உண்ணத் தோன்றினால் இன்னும் குறைத்து உண் என்று அவர் தொடர்ந்து சொல்வதை மட்டும், உணவோடு ஏற்கெனவே மல்லுக்கு நிற்கிறவர் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இரவுச் சாப்பாடு முடிந்ததும், நாளைக் காலைக்கு நான்கு இட்லியும் சாம்பாரும் என்று முடிவு செய்துவிட்டால், காலையில் மனம் எவ்வளவு பேரம் பேசினாலும் அந்த நான்கையும் உண்டே ஆக வேண்டும். தீர்மானித்த அளவு உச்சவரம்பு மட்டுமல்ல, குறைந்தபட்சமும் அதுவே.

கட்டாய ஒருசந்தி நாட்கள் இரண்டிலும் காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மதியம் சோறும் பருப்பும் பொரியலுமாக வயிறாரச் சாப்பாடு, மாலையில் பழமோ இரண்டு இட்லியோ என்று வைத்துக்கொண்டால் இரவுத் தாக்குதல் பெரும்பாலும் வராது. மற்ற நாட்களில் மூன்று வேளையும் நேரத்தோடு, உட்கார்ந்து உண்ணுங்கள். வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்துக்கு மீன் இறைச்சிக் கணக்கில் வராது என்பது சட்டம். ஆட்டுக்கறியை விட விலை கூடிய வஞ்சிரத்தை அன்று வறுப்பது பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. உணவைத் தொடாத தவங்களும் ஏராளம்: கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உண்பது, ஒரு வேளைச் செலவைப் பசித்தவருக்குக் கொடுப்பது, யாருடைய உடம்பைப் பற்றியும் நாற்பது நாள் வாய் திறக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதற்கு நம் ஊரில் நிறைய உழைப்பு வேண்டும். சிலுவைப்பாதை முடிந்து வெளியே வரும்போதே, “என்னம்மா, நல்லா இளைச்சிட்டியே” என்று பாராட்டும் பெரியம்மாக்கள் வாசலில் நிற்பார்கள். “சௌக்கியமா இருக்கேன் பெரியம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?” என்று பேச்சைத் திருப்பிவிடலாம்.

இத்தனைக்குப் பின்னும் ஒரு நாள் இரவில் அளவு மீறிப்போகும். அதற்கான மருந்து மறுநாள் காலைப் பலகாரத்தை வழக்கம்போல் உண்பதே; அதைத் தள்ளினால் பழைய சுற்று மறுபடி தொடங்கிவிடும். குருவானவரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் போசனப்பிரியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், “சாமி, எனக்குச் சாப்பாட்டோடு போராட்டம் இருக்கிறது, ஒருசந்தி பிடித்தால் அது மோசமாகிறது” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறொரு தவத்தை அவர் சொல்லக்கூடும்.

நோயாளிகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஒருசந்தி பிடிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளையைத் தள்ளினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். உண்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி மயக்கம் வருவது ஆகியவை இருந்தால் அது தவக்காலத்தின் விஷயமே அன்று. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நோய். அப்படிப்பட்டவர் ஒருசந்தியை முழுவதுமாக விட்டுவிட வேண்டும். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பாஸ்கா ஞாயிறையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பி, மதியப் பிரியாணிக்கு இடம் வேண்டும் என்று காலையில் வெறும் வயிற்றோடு திரிய வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது அன்று காலை எட்டு மணிக்கே இட்லியும் முந்தின நாள் அரைத்த தேங்காய்ச் சட்னியும் மேசைக்கு வந்துவிடும். பிரியாணி ஒரு மணிக்கு.