கோவையிலிருந்து சிங்கப்பூர்: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

பயணச்சீட்டில் இரவு 9:00 மணிக்குப் புறப்பாடு, அதிகாலை 3:45 மணிக்கு வருகை என்று இருந்தால், எங்கள் திருப்பூர் வீடுகளில் பெரியவர்கள் ஏழு மணி நேரப் பயணம் என்றே கொள்கிறார்கள். உண்மையில் அது நாலேகால் மணி நேரம்தான். ஒரு தாளும் கைப்பேசியும் இருந்தால் இதை எவரும் கணக்கிட்டுவிடலாம்.

முதலில் இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் அந்த இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் தோன்றும். பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்துக்கு 11.03 வடக்கு, 77.04 கிழக்கு, சாங்கி விமான நிலையத்துக்கு 1.36 வடக்கு, 103.99 கிழக்கு.

அடுத்து, அட்சரேகைகளின் வேறுபாடான 9.67 பாகையை 111 ஆல் பெருக்குங்கள். ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால் 1,073 கிடைக்கும். தீர்க்கரேகைகளின் வேறுபாடு 26.95 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவதால், இங்கே 111 ஐ இரு அட்சரேகைகளின் சராசரியான 6.2 பாகையின் கோசைன் மதிப்பால் (கைப்பேசிக் கணிப்பானில் cos) பெருக்கி, கிடைக்கும் 110.35 ஐப் பயன்படுத்த வேண்டும், விடை 2,974. இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3,160 கிலோமீட்டர் வரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி என்பதால்தான் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் இவ்வளவு சரியாக அமைகிறது. கோவையிலிருந்து டோக்கியோ போன்ற தொலைவுகளுக்குக் கோள வடிவத்துக்குரிய ஹாவர்சைன் சூத்திரத்தையே நாட வேண்டும்.

இனி நேரம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்று கொண்டு வகுத்தால் 3 மணி 43 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மேலேறி இறங்கும்போது வேகம் குறைவதற்கும் அரை மணி நேரம் சேர்த்தால் நாலேகால் மணி. காற்றின் போக்கைப் பொறுத்து இது சிறிது கூடும், குறையும்.

பலர் தடுமாறும் இடம் கடிகாரம். சூரியனைக் கொண்டு பார்த்தால் ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், 27 பாகைக்கு 1 மணி 48 நிமிட வேறுபாடுதான் இருக்க வேண்டும். ஆனால் இந்திய நேரம் கோவைக்குக் கிழக்கேயுள்ள 82.5 பாகையை ஒட்டியது. சிங்கப்பூரோ 1982 முதல், தன் இருப்பிடத்துக்கு உரியதைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும் நேரத்தைப் பின்பற்றுகிறது. எனவே வேறுபாடு 2 மணி 30 நிமிடம். அங்கே போகும்போது சீட்டிலுள்ள இடைவெளியிலிருந்து அதைக் கழியுங்கள்: 6:45 இலிருந்து 2:30 போக 4:15. திரும்பும்போது கூட்டுங்கள்: இரவு 7:00 மணிக்குப் புறப்பட்டு 8:45 க்குப் பீளமேட்டில் இறங்கினால், 1:45 உடன் 2:30 சேர்ந்து அதே 4:15.

வழியனுப்ப வருபவர்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும். திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகச் சாலைப் பயணத்துக்கு ஒன்றரை மணி, புறப்பாட்டுக்கு முன் நிலையத்தில் 3 மணி, பறப்பதற்கு நாலேகால், அங்கே குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி என்று வைத்தால், வீட்டு வாசலிலிருந்து சாங்கி வாசல் வரை ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும்.