வாசற்படியில் ஒரு நிமிடம்: வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பேணுவோரின் மனத்தைப் பேணுவது எப்படி?

புற்றுநோய் முற்றிய ஒருவரின் வீட்டில் முக்கால் மணி நேரம் குனிந்து உட்கார்ந்து புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்ட செவிலியர், வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் அடுத்த வீட்டுக்கு வழி கேட்டால், அவரை நல்ல பணியாளர் என்று பாராட்டுகிறோம். வீடு வீடாகச் சென்று வலி தணிப்பும் ஆதரவு சிகிச்சையும் அளிக்கும் சிறு குழு ஒன்றை ஒருங்கிணைப்பவன் என்ற முறையில் நானும் நெடுநாள் அப்படித்தான் பாராட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய வீட்டில் கண்டதையும் கேட்டதையும் நினைத்துப் பார்க்க அஞ்சி மனம் ஓடுகிற ஓட்டத்தையும் நாம் சுறுசுறுப்பு என்றே வாசித்துவிடுகிறோம் என்பது, நன்றாக உழைத்துவந்த இருவர் ஒரே ஆண்டில் காரணம் எதுவும் சொல்லாமல் விலகிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்தக் குறிப்புகள் அத்தகைய குழுக்களை நடத்துவோருக்காக எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சேவையும் அடங்கும். கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் வேர்விட்ட பாலியேட்டிவ் கேர் (வலி தணிப்பு, ஆதரவு சிகிச்சை) இயக்கம் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களின் கைகளாலேயே வளர்ந்தது. அரசுப் பணியோ தன்னார்வப் பணியோ, படுக்கையில் கிடப்பவரின் அருகில் தரையில் உட்காருகிறவருக்கு நேர்வது ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் மனத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கான நேரத்தைப் பணியாளர் தம் சொந்தப் பொழுதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் அது ஒருநாளும் நடக்காது, ஏனென்றால் வீட்டில் அவருக்காகச் சமையலும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் காத்திருக்கின்றன. வேலை நேரத்துக்குள்ளேயே, ஒரு வேலை முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்களில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்குவது குழுவை நடத்துபவரின் பொறுப்பு.

ஆன்மிகம் என்று இங்கே எதைக் குறிக்கிறோம்

லண்டனில் 1967-இல், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பேணும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியராகவும் பின்னர் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து அதன் பிறகே மருத்துவரானவர். நோயாளியின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனத்திலும் குடும்ப உறவுகளிலும் வாழ்க்கையின் பொருளைப் பற்றிய கேள்விகளிலும் அது பின்னிக் கிடக்கிறது என்று அவர் கண்டு சொன்னது இன்று இத்துறையின் அடிப்படைப் பாடம். நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதை வீட்டுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். மார்ஃபின் மாத்திரை வேலை செய்யத் தொடங்கி இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்த நோயாளி, மூன்றாம் நாள் செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன் சிஸ்டர்?” என்று கேட்பார். வலி உச்சத்தில் இருந்தபோது அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை. வலி தணிந்ததும் அது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவக் கற்றுத்தருகிறோம். இந்தக் கேள்வியோடு என்ன செய்வதென்று யாரும் கற்றுத்தருவதில்லை. அதைக் காதில் வாங்கிய செவிலியர் அன்று இரவு அதைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.

அந்தக் கேள்வியை வைப்பதற்கு ஓர் இடத்தைப் பணியாளருக்கு உண்டாக்கித் தருவதையே நான் ஆன்மிகப் பயிற்சி என்கிறேன். எங்கள் குழுவில் திருநீறு பூசி வருபவர் இருக்கிறார், நண்பகலில் தொழுகைக்குச் செல்பவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர் இருக்கிறார், கடவுளே இல்லை என்று உறுதியாகச் சொல்லும் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரும் இருக்கிறார். ஆகவே பொது நேரங்களில் எந்தச் சமயத்தின் வழிபாட்டையும் வைப்பதில்லை. மௌனத்தை மட்டுமே வைக்கிறோம். அந்த மௌனத்தில் அவரவர் தமக்குரியதைச் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம்.

தொடக்கத்தில் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். மன அழுத்த மேலாண்மை என்ற பெயரில் ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தேன். திரையில் படங்கள் ஓடின, மூச்சுப் பயிற்சி நடந்தது, பிரியாணி நன்றாக இருந்தது, மாலையில் எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் காலை அட்டவணையில் எட்டு வீடுகள் அப்படியே இருந்தன.

வாசற்படியும் சோப்பு நீரும்

புதிய பழக்கம் ஒன்றைத் தனியாகத் திணிப்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் செயல் ஒன்றின் மேல் அதை ஏற்றிவைப்பது எளிது. வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத செயல். அந்தச் சில நொடிகளில் நோயாளியின் பெயரை மனத்துக்குள் ஒருமுறை சொல்லும்படி குழுவினரைப் பழக்குங்கள். ‘வாய்ப் புற்று கேஸ்’, ‘பெட் சோர் பாட்டி’ என்று வண்டியில் பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்தப் பெயரோடு உள்ளே போகும்போது பார்வை மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

வெளியே வரும்போது கை கழுவுகிறோம். சோப்பிட்டு முறையாகக் கைகழுவ 40 முதல் 60 நொடிகள் ஆகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த நேரம் எப்படியும் செலவாகப்போகிறது. விரல் இடுக்குகளைத் தேய்க்கும்போது, “இங்கே இன்று என்னால் முடிந்தது இது, மீதி அடுத்த வருகைக்கு” என்ற பொருள்பட, அவரவர் சொற்களில் ஒரு வாக்கியத்தை நினைக்கச் சொல்லுங்கள். எங்கள் செவிலியர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். சில வாரங்கள் கழித்து, ஒரு வீட்டின் கொல்லைப்புறக் குழாயடியில் அவர் நுரை முழுவதும் கரைந்த பின்னும் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். உள்ளே ஒன்பது வயதுச் சிறுவன் கிடந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறியவர், “இப்ப போலாம்ணே” என்றார்.

இதற்கு அட்டவணை ஒத்துழைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு வீடுகளை எழுதிவிட்டு வாசலில் நின்று நினைத்துப் பாருங்கள் என்று சொல்வது கேலிக்கூத்து. நாங்கள் ஐந்தாகக் குறைத்தோம். அவசர அழைப்பு வந்தால் ஆறு. எண்ணிக்கை குறைந்ததற்கு நன்கொடையாளர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த விளக்கத்தைப் பணியாளரின் தலையில் கட்டாமல் ஒருங்கிணைப்பாளரே சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான முதல் ஐந்து நிமிடப் பயணத்தில் கைபேசியையும் அடுத்த நோயாளியைப் பற்றிய பேச்சையும் தவிர்ப்பது என்று ஓட்டுநர் உள்பட எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

மாலையில் மூன்று கேள்விகள்

பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், தம் சபையினர் நாளுக்கு இருமுறை சற்று நின்று கழிந்த பொழுதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வகுத்தார். நன்றியில் தொடங்குவது, நாளை நிகழ்வு நிகழ்வாக நினைத்துப் பார்ப்பது, தவறியதற்கு வருந்துவது, அடுத்த நாளை எண்ணித் தீர்மானிப்பது என்று அது நகரும். எப்போதும் அலைந்து பணி செய்பவர்களுக்கென்று அமைந்த முறையாதலால் நம் பணிக்கும் பொருந்துகிறது. நான் அதைச் சமயச் சார்பின்றி மூன்று கேள்விகளாகச் சுருக்கிக்கொண்டேன். இன்று யாரிடமிருந்து எதைப் பெற்றேன்? எந்த வீட்டில் என் மனம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது? அங்கே நான் விட்டுவிட்டு வர வேண்டியது எது?

முதல் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். கொடுப்பவராகவே தம்மை எண்ணிப் பழகியவர், பாட்டி வற்புறுத்திக் கொடுத்த மோரையும் மறந்துவிடுகிறார். வருந்தும் பகுதியை நான் வேண்டுமென்றேதான் குறைத்தேன். தொண்டு செய்பவர்களில் பலர் ஏற்கெனவே தம்மைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பவர்கள். அவர்கள் கையில் தினசரித் தற்சோதனையைக் கொடுத்தால் அதைக் குற்றப்பத்திரிகையாக்கிவிடுவார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவர்கள் எழுதட்டும், ஆனால் அந்த நோட்டை ஒருங்கிணைப்பாளர் ஒருபோதும் கேட்டு வாங்கக் கூடாது.

இறப்பு நேரும்போது

அமெரிக்காவில் வெர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியர் ஜொனாதன் பார்ட்டில்ஸ், நோயாளி இறந்தவுடன் சிகிச்சை அளித்த குழுவினர் அனைவரும் கலைந்து செல்லாமல் அந்த உயிருக்கும் தங்கள் உழைப்புக்கும் மரியாதையாகச் சற்று நேரம் மௌனமாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அது பல நாடுகளுக்குப் பரவியது. மருத்துவமனைக்கு அது பொருந்தும். வீட்டில் நோயாளி இறக்கும்போது நாம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை, மறுநாள் காலை தொலைபேசியில்தான் செய்தி வருகிறது.

நமக்கு வேறொரு வசதி இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது நம்மில் பலருடைய வீடுகளில் வழக்கம். தீட்டு என்ற கருத்தை ஏற்காதவர்கூட, தலையில் நீரை ஊற்றிக்கொள்ளும் அந்தக் கணத்தை ஒரு நாளுக்கும் இன்னொரு பொழுதுக்கும் இடையிலான எல்லையாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் இறப்பு வீட்டுக்குச் சென்றுவந்தவருக்கு அன்று வேறு வீடு கிடையாது. நேரே வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு உறங்கலாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கோ, நாற்பதாம் நாளுக்கோ, கல்லறைத் திருநாளுக்கோ குடும்பத்தார் அழைத்தால் அந்த நோயாளியைப் பார்த்துவந்தவரை அனுப்பிவையுங்கள். ஆறுதல் சொல்லப் போனவர், “நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கு மட்டும்தான் அவரு தூங்குவாரு” என்று அந்த மனைவி சொல்லக் கேட்டுத் திரும்புவார். நம் பணியின் பலனை நம் காதால் கேட்கும் வாய்ப்பு அநேகமாக அது ஒன்றே.

மாதம் ஒருமுறை ஜமுக்காளத்தில்

ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள். தேநீரும் சுண்டலும் முதலிலேயே வந்துவிட வேண்டும். நடுவில் தட்டு வந்தால் பேச்சு அறுந்துபோகும். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பின் ஒருவர் தமக்குள் தங்கிவிட்ட ஒரு வருகையைப் பற்றிப் பேசலாம். மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, தம் அனுபவத்தைச் சொல்லி அதை மூடவும் கூடாது. இந்த இரண்டாவது விதியே கடினம், ஏனென்றால் “எனக்கும் இப்படித்தான்” என்று தொடங்குவது நமக்கு அன்பின் வெளிப்பாடு. பேசாமல் இருப்பவரைப் பேச வைக்க முயல வேண்டாம். அழுபவருக்கு உடனே கைக்குட்டையை நீட்டுவதும் ‘அழாதே’ என்ற கட்டளையாகிவிடுவதுண்டு. கேட்டது எதுவும் வெளியே போகக் கூடாது, பணி மதிப்பீட்டிலும் எட்டிப்பார்க்கக் கூடாது.

உடம்பு

வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்கள் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நோயாளியின் வீட்டில் கழிப்பறை கேட்கக் கூச்சம், வழியில் பொதுக் கழிப்பறையும் இருக்காது. சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் இப்படி வந்து சேர்கின்றன. மனத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்வதற்கு முன், பாதையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், பெட்ரோல் நிலையம், தெரிந்தவர் வீடு ஆகியவற்றைக் குறித்து, இரண்டு வருகைகளுக்கு ஒருமுறை அங்கே வண்டி நிற்கும்படி பயணத்தை அமையுங்கள். எங்கள் குழுவில் அதிகம் பாராட்டப்பட்ட ஏற்பாடு இதுதான் என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மதிய உணவை ஒன்றரை மணிக்குள் முடிப்பதும், நோயாளியைப் புரட்ட எப்போதும் இருவர் இருப்பதும், இரவு அழைப்புக்கான கைபேசியை முறைவைத்து மாற்றிக்கொள்வதும் இதோடு சேர்ந்தவை.

மௌனம் போதாத இடம்

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய் என்று வகைப்படுத்தாமல் பணிச்சூழலில் எழும் நிலை என்றே வரையறுத்தது. ஆகவே முதலில் சூழலைச் சரிசெய்ய வேண்டும். ஆயினும் ஒருவர் இரண்டு வாரங்களாகத் தூங்கவில்லை, மாலையானால் மதுவைத் தேடுகிறார், நோயாளியிடம் கடுகடுக்கிறார், வாழ்வதில் பொருளில்லை என்பதுபோல் பேசுகிறார் என்றால், ‘தியானம் செய்’ என்று சொல்லிக் காலம் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஒன்றிய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அந்த எண்ணை வண்டியின் முன் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம். நோயாளியின் குடும்பத்தாருக்கும் எழுதிக் கொடுக்கிறோம்.

ஒருங்கிணைப்பாளர் இந்த ஏற்பாடுகளிலிருந்து தம்மை விலக்கி வைத்துக்கொள்வது வழக்கம், நானும் அப்படித்தான் இருந்தேன். மாதாந்தர ஜமுக்காள வட்டத்தில் நான் அமர்ந்தால் குழுவினர் பேசத் தயங்குகிறார்கள் என்பதால், பக்கத்து மாவட்டத்தில் இதே பணியை நடத்தும் நண்பர் ஒருவரோடு மாதம் ஒருமுறை தொலைபேசியில் அரை மணி நேரம் பேசிக்கொள்கிறேன். இரவுக் கைபேசியின் முறைப்பட்டியலில் என் பெயர் மாதத்தில் நான்கு நாட்களுக்கு மட்டுமே வருகிறது. மற்ற நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் அழைத்தால் நான் எடுப்பதில்லை என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும்.