ஒரே பம்ப் ஷாட்கன்: வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் தயார் செய்வது எப்படி

வேட்டைக்கு ஒன்று, வீட்டுக் காவலுக்கு ஒன்று என இரண்டு துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. நல்ல பம்ப் ஷாட்கன் ஒன்றும் அதற்குப் பொருந்தும் இரண்டு பேரலும் (சுடும் குழல்) இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும். முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவதுதான் பம்ப்; ஷாட்கன் தோட்டா ஒன்றில் பெரும்பாலும் பல குண்டுகள் இருக்கும். அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநில வேட்டை விதிகளை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை வாங்குபவர்கள் பலர் டார்ச், பிஸ்டல் பிடி, பக்கவாட்டுத் தோட்டாப் பட்டை என்று சாமான்களில் தொடங்கிவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். அடுத்து பேரல், அப்புறம் தோட்டா. மாட்டும் சாமான்கள் கடைசியில்தான்.

படி 1: நீங்கள் வாங்கலாமா?

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் 18 வயது நிறைந்திருந்தால், கூட்டாட்சிச் சட்டப்படி கடையில் ஷாட்கன் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பொதுவாகத் தடைதான். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். வீட்டில் துப்பாக்கி இருக்கும்வரை உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டை செய்ய, வேட்டைக் கல்விப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். எதை வாங்குவது என்ற தெளிவும் அங்கேயே பாதி கிடைத்துவிடும்.

படி 2: எந்தத் துப்பாக்கி?

ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 இரண்டில் எது என்றாலும் சரி. 870 வெளிவந்தது 1950-ல். 500 அதற்குப் பத்தாண்டு கழித்து வந்தது. இரண்டுமே ஒரு கோடிக்கு மேல் விற்றவை என்பதால் உதிரிப் பேரலும் பாகங்களும் எங்கேயும் கிடைக்கும். புதியவர்களுக்கு நான் மாஸ்பெர்க்கைச் சொல்வேன். அதன் சேஃப்டி (விசையைத் தடுக்கும் பூட்டு) ரிசீவரின், அதாவது துப்பாக்கியின் நடு உடலின், பின்மேல் பக்கத்தில், கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. இடது கைக்காரருக்கும் வசதி. 870-ல் அது விசைக்குப் பின்னால் குறுக்கே தள்ளும் பொத்தான். கையில் காசு குறைவு என்றால் மாஸ்பெர்க்கின் மலிவு வகையான மேவரிக் 88 போதும்.

மாஸ்பெர்க் 500-ஐ இரண்டு பேரலுடன் சேர்த்தே விற்கிறார்கள்: பறவைக்கு 28 அங்குலம், வீட்டுக்கு 18.5 அங்குலம். அதையே வாங்குங்கள். பேரலைத் தனியாக வாங்கினால் உங்கள் மேகசின் குழாயின் (பேரலுக்குக் கீழே தோட்டாக்கள் இருக்கும் குழாய்) நீளத்துக்கு அது பொருந்துமா என்று கேட்டு வாங்க வேண்டும். நீண்ட குழாய் உள்ள மாடலின் பேரல் குட்டைக் குழாய் மாடலில் சேராது. 18 அங்குலத்துக்குக் குறைவான பேரலையோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையும்படி எதையுமோ வெட்டக் கூடாது. 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பெரிய குற்றம்.

12 கேஜா, 20 கேஜா? கேஜ் என்பது பேரல் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. தோட்டா வகைகள் அதிகம் கிடைப்பது 12-ல். ஆனால் வீட்டில் உடல் மெலிந்த இன்னொருவரும் இதைக் கையாளப் போகிறார் என்றால் 20 நல்ல தேர்வு. இரண்டு கேஜ் தோட்டாவையும் ஒரே பையில் வைக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் பேரலுக்குள் நழுவிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 கேஜ் தோட்டாவும் ஏறிச் சுட்டால் பேரல் வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதனால்தான்.

படி 3: உடம்புக்கு அளவு

விசையிலிருந்து, தோளில் ஊன்றும் கட்டையின் பின்முனை வரையிலான நீளம் பெரியவர்களுக்கான மாடல்களில் சுமார் 14 அங்குலம் இருக்கும். ஐந்தரை அடி உயரத்துக்குள் இருப்பவர்கள் பலருக்கு இது நீளம். கட்டை அக்குளில் மாட்டும், கன்னம் சரியாக உட்காராது, பம்ப் செய்யும்போது கை முழுதாக முன்னால் எட்டாது. கை எட்டாவிட்டால் முன்பிடியைப் பாதி மட்டுமே இழுத்து நிறுத்துவீர்கள். அடுத்த தோட்டா ஏறாது. பம்ப் ஷாட்கன் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். சேம்பரையும் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) மேகசினையும் இரண்டு முறை பாருங்கள். பாதுகாப்பான திசையில் கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தால் பேரல் முனையிலுள்ள, குறிபார்க்கும் சிறு மணி நேராகத் தெரிய வேண்டும். பேரலின் மேல்பட்டை அகலமாகத் தெரிந்தால் முகம் உயர்ந்திருக்கிறது, ரிசீவரின் பின்பக்கம் மறைத்தால் தாழ்ந்திருக்கிறது. நீளம் அதிகம் என்றால் 13 அங்குலக் குட்டைக் கட்டையை வாங்கி மாட்டுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே கட்டை என்பதால் சற்றுக் குட்டையாக இருப்பதே மேல். குளிர்கால ஜாக்கெட்டோடும் அது தோளில் உட்காரும், இரவு டிஷர்ட்டோடும் உட்காரும். பிஸ்டல் பிடி மட்டும் வேண்டாம். மாஸ்பெர்க்கில் அது சேஃப்டியைக் கட்டைவிரலுக்கு எட்டாமல் செய்துவிடும். பறவையைச் சுடவும் உதவாது.

படி 4: வேட்டைக்கு

28 அங்குலப் பேரலின் முனையில் சோக்கை (முனைத் துளையைக் குறுக்கும் சிறு குழாய்) திருகி மாற்றலாம். சோக் எவ்வளவு இறுக்கமோ, குண்டுகள் அவ்வளவு தூரம் சேர்ந்தே போகும். இம்ப்ரூவ்ட் சிலிண்டர், மாடிஃபைட், ஃபுல் என்பது இறுக்கம் ஏறும் வரிசை. குண்டின் எண் பெரிதானால் குண்டு சிறிது. புறாவுக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டரும் ஏழரை அல்லது எட்டாம் எண் குண்டும் போதும். வாத்துக்கு மாடிஃபைட் சோக்கும் இரண்டாம் எண் எஃகுக் குண்டும். நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுதும் தடை. எஃகு ஈயத்தைவிடக் கடினம் என்பதால் அதை ஃபுல் சோக்கில் சுடாதீர்கள். மானுக்கு, வழவழப்பான உட்புறம் கொண்ட பேரலில் ஃபாஸ்டர் வகை ஸ்லக் (ஒரே பெரிய குண்டுள்ள தோட்டா). சேபட் ஸ்லக் என்பது உள்ளே வரிபோட்ட பேரலுக்கானது, வாங்கி ஏமாறாதீர்கள்.

புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்குத் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாதான் கொள்ள வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அதற்காக மேகசின் குழாய்க்குள் ஒரு மரக்குச்சி இருக்கும், ப்ளக் என்பார்கள். வேட்டை அதிகாரி வயலுக்கு வந்தால் உரிமத்தோடு இதையும் பார்ப்பார்.

படி 5: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

புதியவர்கள் தவிர்க்கும் படி இதுதான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். ஒரே சோக், ஒரே எண் குண்டு என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி குண்டு பரவும் விதம் மாறும். டப்பாவில் எழுதியிருப்பதை நம்பிப் பறவையைக் காயப்படுத்திப் பறக்கவிடுவது பாவம்.

நான்கடி சதுரக் காகிதத்தை 40 கஜத்தில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு புள்ளி வைத்து, காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிந்து ஒரு முறை சுடுங்கள். ஓட்டைகள் அடர்ந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து எண்ணுங்கள். ஒரு அவுன்ஸ் ஏழரை எண் தோட்டாவில் சுமார் 350 குண்டு இருக்கும். இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் பாதி, மாடிஃபைட்டில் 60 சதவீதம், ஃபுல்லில் 70 சதவீதம் வட்டத்துக்குள் விழுவது வழக்கமான அளவு. எண்ணிக்கையோடு நிறுத்தாமல், பறவை தப்பிப்போகும் அளவு வெற்றிடம் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். வட்டம் புள்ளியைவிட்டு ஒரு பக்கம் விலகியிருந்தால் அது துப்பாக்கி அளவின் கோளாறாக இருக்கலாம். படி 3-க்குத் திரும்புங்கள். ஒரு தோட்டா வகைக்கு மூன்று காகிதமாவது சுட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

18.5 அங்குலப் பேரலுக்குக் கணக்கு வேறு. உங்கள் வீட்டுக்குள் மிக நீண்ட நேர்க்கோடு எவ்வளவு என்று டேப் பிடித்து அளங்கள். பல வீடுகளில் 10 கஜத்தைத் தாண்டாது. அந்தத் தூரத்தில் டபுள் ஆட் (00) பக்ஷாட் சுட்டுப் பாருங்கள். ஒரு தோட்டாவில் எட்டு அல்லது ஒன்பது பெரிய குண்டு இருக்கும். அத்தனையும் உள்ளங்கை அளவுக்குள் விழும் தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடரல் கம்பெனியின் ஃப்ளைட்கன்ட்ரோல் வகை இதற்குப் பேர்போனது. அமெரிக்க வீட்டுச் சுவர் வெறும் ஜிப்சம் பலகை. பக்ஷாட் பல சுவர்களைத் தாண்டும்; பறவைக் குண்டும் சுவரைத் துளைக்கும். குழந்தைகளின் அறை எந்தத் திசையில் என்பதை வைத்தே எங்கே நின்று எந்தப் பக்கம் குறிபார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

படி 6: வீட்டில் வைக்கும் முறை

ஷாட்கனின் சேஃப்டி பெரும்பாலும் விசையை மட்டுமே தடுக்கும். கீழே விழும்போது, தோட்டாவைத் தட்டிச் சுட வைக்கும் ஊசி அதிர்ந்து தோட்டாவில் படுவதை அது தடுக்கும் என்று நம்ப முடியாது. அதனால் சேம்பரில் தோட்டா வைக்காதீர்கள். எல்லாம் காலி என்று உறுதி செய்து முன்பிடியை மூடுங்கள். பாதுகாப்பான திசையில் விசையை ஒரு முறை அழுத்துங்கள். சேஃப்டியைப் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் மேகசினை நிரப்புங்கள். இந்த நிலையில் முன்பிடியை ஒரு முறை இழுத்துத் தள்ளினால் தோட்டா ஏறிவிடும். வேறு பொத்தான் தேட வேண்டாம்.

துப்பாக்கி இருக்க வேண்டிய இடம் பூட்டிய பெட்டி. கட்டிலுக்கு அடியிலும் அலமாரி உச்சியிலும் வைத்தால் அது ஒளித்து வைத்ததாகாது, பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விடுவது குற்றம். எண்ணை அழுத்தித் திறக்கும் பெட்டியைப் படுக்கையறையில் தரையோடு போல்ட் போட்டு வையுங்கள்.

சத்தம் கேட்டால் வீடு முழுக்கத் தேடிப் போகாதீர்கள். எல்லோரும் ஓர் அறைக்குள் வந்து கதவைப் பூட்டி 911-ஐ அழையுங்கள். துப்பாக்கி அந்தக் கதவை நோக்கி இருக்கட்டும். போலீஸ் வந்ததும் கீழே வைத்துவிடுங்கள். முன்பிடியில் மாட்டும் டார்ச் நல்லதுதான். ஆனால் அதைக் கொண்டு ஒருவர் முகத்தைப் பார்ப்பது என்றால் துப்பாக்கியையும் அவர் மேல் நீட்டுகிறீர்கள். வந்தவர் உங்கள் மகனாக இருக்கலாம். எனவே கையில் பிடிக்கும் டார்ச்சும் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

படி 7: மாற்றும் வேலை

மாஸ்பெர்க் 500-ல் இது சில நிமிட வேலை. காலி செய்யுங்கள், சரிபாருங்கள். முன்பிடியைப் பாதி பின்னுக்கு இழுத்து, மேகசின் குழாயின் நுனியிலுள்ள திருகைக் கழற்றினால் பேரல் முன்னால் வந்துவிடும். இப்போது குழாயின் நுனித் துளை திறந்திருக்கிறது. ப்ளக்கைப் போடுவதும் தலைகீழாக உலுக்கி எடுப்பதும் அதன் வழியாகத்தான். எனவே பேரலையும் ப்ளக்கையும் எப்போதும் ஒன்றாகவே மாற்றுங்கள்: நீளப் பேரல் என்றால் ப்ளக் உள்ளே, குட்டைப் பேரல் என்றால் வெளியே. திருகைக் கையால் இறுக்கினால் போதும். முடிந்ததும் டம்மி தோட்டா (மருந்தில்லாத பயிற்சித் தோட்டா) போட்டு நாலைந்து முறை பம்ப் செய்து பாருங்கள். வீட்டுக்கு மாற்றும்போது தோள்வாரையும் கழற்றிவிடுங்கள். கதவுக் கைப்பிடியில் சிக்கும்.

கழற்றிய பேரலைச் சால்வென்ட் தொட்ட துணியால் உள்ளே துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, சோக்கைக் கழற்றி அதன் மரையிலும் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். பறவைத் தோட்டா ஒரு டப்பா, பக்ஷாட் வேறு டப்பா. இரண்டிலும் பெரிய எழுத்தில் எழுதி, பக்ஷாட்டை மட்டும் துப்பாக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டி வையுங்கள்.