எபிரேய வேலைக்காரனுக்கு விடுதலைக் கணக்குப் போடுவது எப்படி?

பைபிளின் யாத்திராகமம் 21, லேவியராகமம் 25, உபாகமம் 15. எபிரேய அடிமை பற்றிய சட்டம் இந்த மூன்று இடங்களில் இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் ஆறு வருடம், இன்னொரு இடத்தில் யூபிலி (ஐம்பதாவது வருடம் வரும் விடுதலை ஆண்டு) வரை என்று வருவதால் முதல்முறை படிக்கிறவருக்குத் தலை சுற்றும். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ரபிகள் (யூத அறிஞர்கள்) இதை எப்படிப் பிரித்தார்கள் என்று புரிய, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதே சுலபம்.

படி 1: ஆள் எப்படி வந்தான் என்று பாருங்கள். திருடியதைத் திருப்பித் தர வழியில்லாதவனை நீதிமன்றம் விற்றிருந்தால் ஆறு வருடம். வறுமையில் தன்னையே விற்றுக்கொண்டவன் அதைவிட நீண்ட காலத்துக்கும் ஒப்புக்கொள்ளலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. இடையில் யூபிலி வந்தால் இருவருக்கும் விடுதலை. 500 திருடியவனின் மதிப்பு 1000 என்றால் அவனை விற்கவே கூடாது.

படி 2: வருடங்களை எண்ணுங்கள். ஓடிப்போன நாட்களை அவன் ஈடுகட்ட வேண்டும். நோயில் கிடந்தது மூன்று வருடத்துக்குள் என்றால் அதுவும் வேலை செய்த கணக்குதான். நான்கானால் கதை வேறு.

படி 3: இப்போது பணம். ஆறு வருடத்துக்கு 60 கொடுத்து வாங்கினால் வருடத்துக்கு 10, நான்கு வருடம் முடித்தவன் 20 கொடுத்துவிட்டு எஜமான் சம்மதிக்காவிட்டாலும் போய்விடலாம். நடுவில் அவன் மதிப்பு மாறியிருந்தால்? 100க்கு வாங்கியவன் இன்று 200 பெறுவான் என்றால் 100ஐ வைத்தே கணக்கு, 200க்கு வாங்கியவன் 100க்கு இறங்கிவிட்டாலும் 100தான். எப்படிப் பார்த்தாலும் அவனுக்குச் சாதகம், எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த இடமே இதுதான்.

படி 4: நீதிமன்றம் விற்றவன் காலம் முடிந்து கிளம்பும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. எவ்வளவு தருவது என்பதில் சண்டை: ரபி மேயர் 15 சேலா (அந்தக் கால வெள்ளி நாணயம்), ரபி யெகூதா 30, ரபி சிமியோன் 50.

போக மாட்டேன் என்றால் கதவருகே காதைக் குத்துவார்கள், 'என்றைக்கும்' என்று வசனம் சொன்னாலும் அது யூபிலி வரைதான். அப்புறம், எஜமான் வெள்ளை ரொட்டி தின்றுகொண்டு இவனுக்கு மட்டமான ரொட்டி தரக்கூடாது, அதனால்தான் எபிரேய அடிமையை வாங்குகிறவன் தனக்கு ஓர் எஜமானை வாங்குகிறான் என்கிறது தல்மூத்.

சரி, நீங்களே ஒன்று போடுங்கள். ஆறு வருடத்துக்கு 120க்கு வாங்கியவன், நான்கு வருடம் போய்விட்டது, அதில் இரண்டு நோயில், இன்றைய மதிப்பு 90. 30 வந்தால் சரி, 40 வந்தால் மூன்றாம் படியைத் திரும்பப் படியுங்கள்.