வயதான நாய்க்கு வயிறு கெட்டால் நாம் செய்யும் தவறுகள்

காலையில் சாப்பாட்டுக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தொடாமல் போய்ப் படுத்துக்கொள்கிறது வீட்டுக் கிழட்டு நாய். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. வயதானால் நடை தளரும், காது மந்தமாகும். ஆனால் வயது மட்டுமே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவராது, வேறு காரணம் ஒன்று இருக்கும். மூட்டுவலிக்கோ இதயத்துக்கோ தினமும் மாத்திரை சாப்பிடும் நாய் என்றால், முதலில் அந்த மாத்திரையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் நாய் மணிக்கு 13 வயதில் மூட்டுவலிக்காக மெலாக்ஸிகாம் தொடங்கினோம். முதல் வாரம் நன்றாக நடந்தான். இரண்டாவது வாரம் காலைச் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தான். சாப்பாடு சலித்துவிட்டது என்று நினைத்துக் கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன், அதற்குள்ளேயே மாத்திரையையும் வைத்தேன். நக்கிவிட்டான். மூன்றாம் நாள் மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக வந்தது. வெள்ளைத் தாளில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பு, ஓரத்தில் கருஞ்சிவப்பு. இரைப்பையில் கசிந்து, செரித்து வந்த ரத்தம் அது. மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்து, தேறி வந்தான். ஆனால் பசியில்லாமல் போனதுதான் முதல் எச்சரிக்கை என்பதும், அதை நான் ருசி காட்டி மறைத்துவிட்டேன் என்பதும் இன்றுவரை மனதை உறுத்துகிறது.

மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்ஸிப் எல்லாம் ஸ்டீராய்டு அல்லாத வலிநிவாரணிகள். புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரப்பதைக் குறைத்துத்தான் இவை வலியையும் வீக்கத்தையும் தணிக்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போகச் செய்வதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். அதனால் வாந்தி, பேதி, சாப்பிட மறுப்பது இவற்றில் எது தெரிந்தாலும், இந்த வகை மருந்தின் அடுத்த வேளையைக் கொடுக்காமல் கால்நடை மருத்துவருக்கு போன் செய்யுங்கள். "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று தொடர்ந்து கொடுப்பது பெரிய தவறு.

அதற்காக எல்லா மருந்தையும் ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. பல வாரங்களாகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு, உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டாலும் அப்படித்தான், விட்டால் வலிப்பு திரும்ப வரும். இந்த மாத்திரைகளை நாய் கக்கிவிட்டால், மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்று உடனே கேட்டுவிட வேண்டும். விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுப்பது எந்த மருந்திலும் வேண்டாம்.

ஸ்டீராய்டு அல்லாத வலிநிவாரணிகள் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பதும், அவற்றோடு பிரெட்னிசலோன் கொடுப்பதும் குடலில் புண் வர வழி செய்யும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மருத்துவர்கள் பொதுவாக 5 முதல் 7 நாள் இடைவெளி விடச் சொல்வார்கள். நாம் சாப்பிடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் நாமாக எடுத்து நாய்க்குக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கலாம், வலிக்குத் தரும் காபாபென்டின் சிரப்பிலும் அது இருப்பதுண்டு. நாய்க்கு அது விஷம்.

அடுத்த தவறு, மருந்தால் வந்த தொல்லைக்கு இன்னொரு மருந்தை நாமே சேர்ப்பது. போன தடவை மிஞ்சிய மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தேடி எடுக்கிறோம். திடீரென்று வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே சரியாகிவிடும். மெட்ரோனிடசோல் அளவு மீறினால் நாய் தள்ளாடும், கண்கள் நிலைகொள்ளாமல் துடிக்கும். பேதியை நிறுத்தும் லோபரமைடு, கோலி போன்ற சில இன நாய்களின் மூளைக்குள் புகுந்துவிடும். "வயிற்றுக்குப் பாதுகாப்பு" என்று மாதக்கணக்கில், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கொடுப்பவர்களும் உண்டு. புண் வராமல் தடுப்பதற்காக வலிநிவாரணியோடு அதை வழக்கமாகச் சேர்ப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2018இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. புண்ணே வந்துவிட்டால் அது நல்ல மருந்துதான். புண்ணின் மேல் படலம் போலப் படியும் சுக்ரால்ஃபேட் கொடுக்கிறீர்கள் என்றால், மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அவை உடலில் சேராமல் போகும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வெறுமனே விழுங்க வைக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், கொஞ்சம் உணவோ தண்ணீரோ பின்னாலேயே போக வேண்டும்.

வயிறு கெட்டால் ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவது பழைய பழக்கம். வயதான, மெலிந்த நாய் அதைத் தாங்காது. இன்சுலின் போடும் நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கூடவே கூடாது. தோலும் எலும்பும் நீக்கிய கோழியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுக்கலாம். மாத்திரை இறங்கட்டும் என்று கொழுப்பான தின்பண்டத்துக்குள் வைத்துக் கொடுத்தால் கணையம் வீங்கிவிடலாம். தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். இதயத்துக்காக, சிறுநீரை அதிகமாக்கும் ஃப்யூரோசமைடு சாப்பிடும் நாய்க்குப் பேதியும் சேர்ந்தால் உடலில் நீர் வேகமாக வற்றிச் சிறுநீரகம் அடிபடும், அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நீர் வற்றியிருக்கிறதா என்று கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். கிழட்டு நாயின் தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அந்தச் சோதனையை நம்ப முடியாது. உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு பிசுபிசுத்தாலோ வெளுத்திருந்தாலோ காத்திருக்காதீர்கள். கறுப்பு மலம், வாந்தியில் ரத்தம், குடித்த தண்ணீரும் தங்காத நிலை, எல்லாவற்றையும்விட வயிறு உப்பிக்கொண்டு ஒன்றும் வராமல் வெறுமனே ஓங்கரிப்பது, இவையெல்லாம் நடுராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டிய நேரம்.

இப்போது மணியின் மருந்துப் பெட்டி மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, மாதாமாதம் எடுக்கும் எடை, கடைசி ரத்தப் பரிசோதனை நாள். எடை 2 கிலோ குறைந்தால் பழைய அளவு மருந்தே அவனுக்கு அதிகமாகிவிடும். வாந்தி எடுத்தால் நேரத்தையும் நிறத்தையும் அதிலேயே குறித்துவிட்டு, போனில் ஒரு வீடியோவும் எடுத்துவைக்கிறேன். வயிறு எக்கி எக்கிக் கக்குகிறானா, எக்காமல் சாப்பாடு தானாக வெளியே சரிகிறதா என்று மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். முன்னது வயிற்றுக் கோளாறாக இருக்கலாம், பின்னது உணவுக்குழாய்ச் சிக்கல். சிகிச்சையே வேறு.