அடித்தால் அசையாத ஹீரோவுக்கு ஆபத்தான வில்லன்: செய்முறை விளக்கம்

ஹீரோ மலையைத் தூக்குவான். பீரங்கிக் குண்டு பட்டால் பட்ட இடத்தைச் சொறிந்துகொள்வான். அவனுக்கு எதிரே யாரை நிறுத்தினாலும் வாசகர் கொட்டாவி விடுகிறார். புதிதாகக் காமிக்ஸ் எழுதுபவர்கள் உடனே வில்லனுக்கு இரண்டு மலை தூக்கும் பலத்தைக் கொடுப்பார்கள். அடுத்த இதழில் மூன்று மலை. நான்காவது இதழில் தூக்க மலை இருக்காது.

பலத்தைக் கூட்டாமல் பயத்தைக் கூட்டுவதற்கான வழி இது. ஹீரோவின் பெயர், உடை, பூர்வகதை எல்லாம் தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கணக்குக்கு 22 பக்க இதழ். எடுத்துக்காட்டுக்கு வல்லான் என்று ஒரு ஹீரோவை வைத்துக்கொள்வோம்.

படி 1: சக்திக்கு எண் போடுங்கள்

'அளவற்ற பலம்' என்று குறித்து வைத்தால் அதற்கு எதிராக எதையும் எழுத முடியாது. எண் வேண்டும். வல்லான் 500 டன் தூக்குவான், வினாடிக்கு 2 கிலோமீட்டர் பறப்பான், 50 கிலோமீட்டர் தொலைவில் நடப்பது காதில் விழும். போதும்.

1938-இல் சூப்பர்மேன் முதன்முதலில் வந்தபோதே இப்படித்தான் வந்தார். ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தாவுவார், அதாவது சுமார் 200 மீட்டர். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் தோலைத் துளைக்காது. அறிமுகப் பக்கத்திலேயே எல்லையும் எழுதியிருந்தது. பின்னால் பறக்கத் தொடங்கி, சக்தி ஏறிக்கொண்டே போனது. 1943-இல் வானொலித் தொடரில், சூப்பர்மேனின் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் கல் வந்தது, 1949-இல் காமிக்ஸுக்குள்ளும் நுழைந்தது. கல் ஒன்று கையில் கிடைத்தால் எந்தத் திருடனும் வில்லன் ஆகிவிடலாம் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். 1971-இல் பூமியில் இருந்த கிரிப்டோனைட் மொத்தமும் இரும்பாகிவிட்டதாகவே ஒரு கதை எழுதினார்கள். பிறகு அது திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம். உங்கள் ஹீரோவுக்குக் கல் வேண்டாம் என்பது என் கட்சி.

இதை எழுத ஸ்ப்ரெட்ஷீட் போதும். நான்கு செங்குத்துப் பத்தி: சக்தி, எண், எங்கே உதவாது, எந்தப் பக்கத்தில் காட்டினோம். மைண்ட் மேப் ஆப்கள் பக்கம் போகாதீர்கள். அம்புக்குறிகள் அழகாக இருக்கும், நான்காவது பத்தி காலியாக இருப்பது மட்டும் கண்ணில் படாது. உங்களைக் கவிழ்க்கப்போவது அந்தக் காலிக் கட்டம்தான்.

படி 2: எண்களை இயற்பியலோடு மோதவிடுங்கள்

மூன்றாவது பத்தியை நிரப்பும் வேலை இது. ஹீரோவுக்குத்தான் சக்தி. அவனைச் சுற்றியுள்ள காற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் மனித உடம்புக்கும் எந்தச் சக்தியும் கிடையாது.

தூக்குவதைப் பாருங்கள். 500 டன் கட்டடப் பகுதியை வல்லான் இரண்டு உள்ளங்கையில் ஏந்துகிறான். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்தால் ஏறத்தாழ 300 சதுர செ.மீ. அழுத்தம் 160 மெகாபாஸ்கலுக்கு மேல் போகும். சாதாரணக் கான்கிரீட் தாங்குவது 20 முதல் 40. கட்டடம் எழும்பாது, கைதான் உள்ளே இறங்கும். தூக்கும் பலம் இருந்தும் தூக்க முடியாத நிலை.

விழுபவரைப் பிடிப்பது அடுத்தது. 100 மீட்டர் உயரத்திலிருந்து விழ சுமார் 4.5 வினாடி ஆகும். ஆனால் வல்லானுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. தரைக்கு ஒரு மீட்டர் மேலே இரும்புக் கைகளில் சட்டென்று நிறுத்தினால், தரையில் விழுந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கூடவே பறந்து, புவியீர்ப்பைப் போல் மூன்று மடங்கு வேகத்தணிப்போடு நிறுத்த வேண்டுமென்றால் கடைசி 25 மீட்டர் அதற்கே போய்விடும். ஆக, 75 மீட்டர் விழுவதற்குள் பிடித்தாக வேண்டும். கெடு 3.9 வினாடி.

அடுத்து காது. ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 30 கிலோமீட்டர் தள்ளி ஏதாவது உடைந்தால், எவ்வளவு கூர்மையான காதானாலும் சத்தம் வந்துசேர 88 வினாடி. கேட்டதும் பறக்கலாம். ஆனால் ஊருக்கு மேலே தாழ்வாக ஒலியைவிட வேகமாகப் பறந்தால் சோனிக் பூம் என்ற அதிர்வு முழக்கம் எழுந்து வழியெல்லாம் கண்ணாடி உடையும். ஒலியின் வேகத்துக்குள்ளேயே பறப்பான் என்றால் இன்னொரு 88. மொத்தம் 176 வினாடி, ஏறக்குறைய மூன்று நிமிடம். பலம் தொட முடியாத மூன்று நிமிடம் அது.

படி 3: அந்த ஓட்டைக்குள் வில்லனைக் குடியேற்றுங்கள்

நம் வில்லி மணிக்காரி. சக்தி எதுவும் இல்லை. கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டுப் புத்தகம். வல்லான் எந்த விபத்துக்கு எத்தனை வினாடியில் வந்தான் என்று குறித்துக்கொண்டே இருக்கிறாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியம் 'வல்லானைக் கொல்ல வேண்டும்' என்று இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அடுத்த மாதம் அடுத்த இதழ் வரும் என்று வாசகருக்குத் தெரியும், அட்டையிலேயே ஹீரோ நிற்கிறான். நடக்காது என்று தெரிந்த மிரட்டலுக்கு யார் பயப்படுவார்? வில்லன் ஜெயித்தாலும் தொடர் நிற்காமல் ஓடவேண்டும், ஆனால் ஹீரோவுக்கு வலிக்கவேண்டும். அப்படி ஓர் இலக்கு தேவை. மணிக்காரிக்கு: 'ஊருக்கு மேலே வல்லான் பறக்கத் தடை வர வேண்டும்.' இது நடக்கலாம். நடந்துவிடுமோ என்ற அந்தச் சந்தேகம்தான் வாசகரைப் பக்கம் புரட்ட வைக்கும்.

பலத்தால் தொட முடியாத வில்லன் புது யோசனை அல்ல. 1944-லேயே சூப்பர்மேனுக்கு எதிராக ஒரு குள்ளக் குறும்பன் வந்தான். அவனை அடித்துப் பயனில்லை. தன் பெயரைத் தானே தலைகீழாகச் சொன்னால்தான் தன் உலகத்துக்குத் திரும்பிப் போவான்.

படி 4: 'இப்போதே ஏன் முடிக்கக்கூடாது?'

நிறைய கதைகள் இங்கேதான் விழுகின்றன. அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒரு தாள் எடுத்து, ஹீரோ இந்தப் பிரச்சினையைச் சுலபமாக முடிக்கப் பத்து வழி எழுதுங்கள். அவன் பக்கம் நின்று, வில்லனைக் கவிழ்க்கும் எண்ணத்தோடு எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும், அது ஏன் நடக்காது என்பதற்கான விடை கதையில் ஏற்கெனவே எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். விடை இருந்தால் மட்டும் போதாது, பக்க எண்ணும் வேண்டும்.

மணிக்காரியைப் பிடித்து உள்ளே போடலாமே? பக்கம் 12 வரை அவள் மேல் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்க முடியாது, நேரம் பார்ப்பது குற்றமில்லை. அவள் பேசுவதை ஒட்டுக்கேட்கலாமே? திட்டத்தைப் பற்றி அவள் பேசுவதே இல்லை, எழுதுகிறாள், பக்கம் 4. வேகமாகப் பறக்கலாமே? பக்கம் 2-இல் கூரைகளுக்கு மேலே வந்ததும் அவன் வேகத்தைக் குறைக்கிறான், ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கிறது. அங்கே அது வெறும் அலங்காரம் போலத் தெரியும். தெரியட்டும்.

எந்தத் தடையானாலும் அது தேவைப்படாத நேரத்தில், குறைந்தது ஐந்து பக்கம் முன்னாலேயே காட்டிவிட வேண்டும். பக்கம் 15-இல் 'உன் சக்தியை முடக்கும் கருவி இதோ' என்று வில்லன் எடுத்து நீட்டினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அதைவிட மோசம், ஹீரோவை ஒரு நாள் மட்டும் முட்டாளாக்குவது. நேற்று வரை சுவருக்குப் பின்னால் பார்த்தவன் இன்று மறந்துபோய்க் கதவைத் தட்டினால், வில்லன் பெரியவன் ஆவதில்லை, ஹீரோதான் சின்னவன் ஆகிறான்.

பத்தில் மூன்றுக்கு மேல் விடை இல்லையென்றால் வசனத்தால் ஒட்டுப்போடாதீர்கள். வில்லனின் திட்டத்தையே மாற்றுங்கள்.

படி 5: திறமையை வேலையில் காட்டுங்கள்

'இவள் மகா மூளைக்காரி' என்று இன்னொரு பாத்திரம் சொல்வதில் பயன் இல்லை. வில்லன் தன் அடியாளையே சுட்டுத் தள்ளும் காட்சியும் வேண்டாம், அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. வேறொரு பலசாலி ஹீரோவை வில்லன் புரட்டியெடுப்பது ஒரு முறை செல்லும். இரண்டாம் முறை அந்தப் பலசாலிதான் கேலிப்பொருள்.

பக்கம் 4, மூன்றே பேனல் (படக்கட்டம்), வசனம் கிடையாது. முதல் பேனலில் உள்ளங்கையில் ஸ்டாப்வாட்ச், முள் நின்றிருக்கிறது. இரண்டாவதில் நோட்டுப் புத்தகம்: ஒன்பது வரிகள், இடப்பக்கம் தூரம், வலப்பக்கம் வினாடி; கடைசி வரி '30 கி.மீ., 176', அதன் கீழே அதே மையில் '88 + 88'. மூன்றாவதில் அவள் பேனாவை மூடுகிறாள். வல்லான் இந்தப் பக்கத்திலேயே இல்லை. அவனைப் பற்றி அவனுக்கே தெரியாத ஒன்று இவளுக்குத் தெரிந்துவிட்டது, வாசகருக்கும்.

படி 6: ஒரு முறை ஜெயிக்க விடுங்கள்

பாதிக் கதைக்குள், பக்கம் 12-க்குள், வில்லன் ஒன்றை வென்றாக வேண்டும். அந்த இழப்பு கடைசிப் பக்கத்திலும் இழப்பாகவே இருக்க வேண்டும்.

30 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிரேன் கம்பி அறுகிறது. தொழிலாளி ஒருவர் தொங்குகிறார். மிச்சக் கம்பி தாங்குவது 120 வினாடி. வல்லானுக்குச் சத்தம் கேட்கும்போது 88 போய்விட்டது, மிச்சம் 32. வினாடிக்கு ஏறக்குறைய 940 மீட்டர் வேகம் வேண்டும். அவனால் முடியும். பறக்கிறான், தொழிலாளியைக் காப்பாற்றியும் விடுகிறான். திரும்பிப் பார்த்தால் வந்த வழி நெடுக ஜன்னல்கள் இல்லை. ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவும் அதில் சேர்த்தி. மணிக்காரி அவனைத் தொடவே இல்லை. அவன் சக்தியையே அவன் மேல் திருப்பிவிட்டாள், அதுவும் அவன் சரியானதைச் செய்த நேரத்தில்.

படி 7: பக்கங்களில் அடுக்குதல்

ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 24 பக்கக் குட்டிப் புத்தகம். 22-இல் பென்சிலால் கிறுக்குங்கள், கடைசி இரண்டு காலி. டேப்லெட்டில் இதைச் செய்யாதீர்கள். தாளைப் புரட்டும்போதுதான் எது வலப்பக்கம், எது புரட்டிய பிறகு தெரிவது என்று கை சொல்லும். ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும். அதிர்ச்சியை இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் பேனலில் வையுங்கள். உடைந்த ஜன்னல்களைப் பக்கம் 13-இல் வைத்தால், 12-ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டுவிடும். அதனால் கிரேன் 12, பறத்தல் 13, ஜன்னல்கள் 14.

ஆபத்து நெருங்குவதைப் பேனல் எண்ணிக்கையாலும் காட்டலாம். டூம்ஸ்டே என்ற அரக்கன் கையால் சூப்பர்மேன் இறக்கும் 1992 கதையின் கடைசி நான்கு இதழ்களில் பக்கத்துக்கு 4, பிறகு 3, பிறகு 2, கடைசியில் 1 பேனல் என்று இறங்கினார்கள். ஒரே இதழுக்குள் செய்வதானால் கடைசி எட்டுப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கத்துக்கு ஒரு படி. மொபைலில் கீழ்நோக்கி உருட்டிப் படிக்கும் காமிக்ஸுக்கு இந்தப் பக்கக் கணக்கு எதுவும் உதவாது. அங்கே அதிர்ச்சிக்கு முன் ஒரு திரை அளவு வெற்றிடம் விடுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கண்டுபிடித்த இரண்டு ஓட்டைகள்

'உயரே போய்ப் பறந்தால் கண்ணாடி உடையாதே?' நியாயமான கேள்வி. கான்கார்ட் விமானம் 17, 18 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோதும் முழக்கம் தரைக்கு வந்தது. அதனாலேயே பல நாடுகள் நிலத்துக்கு மேலே அந்த வேகத்தை அனுமதிக்கவில்லை. அவ்வளவு உயரத்தில் ஜன்னல் தப்பிக்கலாம்தான். ஆனால் ஒலியின் வேகத்துக்குள் 18 கிலோமீட்டர் ஏறவே குறைந்தது 53 வினாடி வேண்டும், வல்லான் கையில் இருப்பது 32. கணக்கு தப்பித்தது.

'யாராவது போன் செய்யலாமே?' இதற்கு என் பக்க எண் பத்தியில் விடை இல்லை. ரேடியோ அலைக்கு 88 வினாடி தேவையில்லை, திட்டம் அங்கேயே உடைகிறது. திருத்தம்: பக்கம் 6-இல் கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று பொய் அழைப்புகள் வருகின்றன. மூன்றாவதுக்குப் பிறகு மேற்பார்வையாளர், 'இனி இடத்தை உறுதி செய்துவிட்டுத்தான் அவனைக் கூப்பிட வேண்டும்' என்கிறார். உறுதி செய்ய இரண்டு நிமிடம். அழைத்தது யார் என்று அப்போது சொல்ல வேண்டாம், தொலைபேசிப் பெட்டியில் தொங்கும் ரிசீவரும் கீழே கிடக்கும் பேனா மூடியும் போதும். அதற்கு இடம் வேண்டுமானால் பக்கம் 3-இல் வல்லான் காரைத் தூக்கும் காட்சியை வெட்டுங்கள். யாரும் தேட மாட்டார்கள்.