நீளமான ஆங்கில வார்த்தை வேண்டுமா? வாலில் இருந்து தொடங்குங்கள்

குறிப்பிட்ட சில எழுத்துகள் வரும் நீளமான ஆங்கில வார்த்தையைத் தேடும்போது, பெரும்பாலும் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டே யோசிப்போம். அதை விடுங்கள். வார்த்தையின் வாலை முதலில் மாட்டிவிடுங்கள்.

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டி-ஐ-ஓ-என் என்ற வாலைப் போட்டால் ஐ, ஓ இரண்டும் முடிந்தது. மீதி ஈ, யூ, ஏ. இப்போது 'எஜுகேஷன்' தானாக வந்து நிற்கும், 9 எழுத்து. ஏ-எல் சேர்த்தால் 'எஜுகேஷனல்', 11. அப்புறம் எல்-ஒய் சேர்த்தால் 'எஜுகேஷனலி', 13! ஒரே வார்த்தை இப்படி வளர்வதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். என்-ஈ-எஸ்-எஸ், எம்-ஈ-என்-டி, ஐ-என்-ஜி ஆகியவையும் நல்ல வால்கள்தான்.

க்யூ, இசட் போன்ற அரிய எழுத்துகள் என்றால் ஒன்லுக் (OneLook) என்ற அகராதித் தேடல் தளத்துக்குப் போய்விடுவது நல்லது. அங்கே நட்சத்திரக் குறி போட்டால் 'இங்கே எத்தனை எழுத்தும் வரலாம்' என்று பொருள். கேள்விக்குறி ஒரே ஒரு எழுத்துக்கு. நட்சத்திரம், க்யூ, நட்சத்திரம், இசட், நட்சத்திரம் என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். 12 எழுத்துள்ள 'குவாண்டைசேஷன்' இந்த அமைப்புக்குள் வரும் வார்த்தைதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இப்படித் தேடினால் க்யூவுக்குப் பிறகு இசட் வரும் வார்த்தைகள்தான் கிடைக்கும். வரிசை முக்கியமில்லை என்றால், இரண்டையும் இடம் மாற்றி இன்னொரு முறை தேடுங்கள்.